ஜுகாட், ஒப்பேத்தல், ஒரு ஜி.ஐ. கம்பி

வடக்கே வந்து பதினோரு வருஷமாகிறது. கான்பூர், ராய்ப்பூர், இப்போது போபால். பேங்க் எங்கே தூக்கிப் போடுகிறதோ அங்கே போய்க் குப்பை கொட்டுகிறோம். ஹிந்தியும் ஒருவழியாக வந்துவிட்டது, காய்கறிக்காரரிடம் சண்டை போட்டு ஜெயிக்கும் அளவுக்கு. ஆனால் ஒரு வார்த்தை காதில் விழுந்தால் மட்டும் இன்னும் எனக்குச் சுர்ரென்று ஏறும். ‘ஜுகாட்’.

நம்மூரில் ‘ஒப்பேத்துறது’ என்போம். இருப்பதை வைத்துச் சமாளிப்பது. நம் வார்த்தையில் கொஞ்சம் வெட்கம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? “ஏதோ ஒப்பேத்திட்டேன்” என்று தலையைச் சொறிந்துகொண்டுதான் சொல்வோம். ஜுகாடுக்கு அந்த வெட்கம் கிடையாது. அதைப் பெருமையாக நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்கள், மேனேஜ்மென்ட் வகுப்பில் பாடமாக நடத்துகிறார்கள். கோட்டு போட்ட ஒரு வாத்தியார் எங்களுக்கு ஒரு மணி நேரம் அதைப் பற்றி ஏ.சி. அறையில் பேசினார். எனக்குத் தெரிந்து அவர் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூடப் பிடித்திருக்க மாட்டார் :-)

இந்த எரிச்சலை விளக்க எனக்குக் கிடைத்த நல்ல உதாரணம், சுவருக்குள் வயர் இழுக்கிற வேலை. பி.காம். படித்தவனுக்கு எலெக்ட்ரீஷியன் வேலையில் என்ன கருத்து என்று கேட்காதீர்கள். வருஷக்கணக்காக ஹவுசிங் லோன் சீட்டில் உட்கார்ந்தவன், பாதி கட்டிய வீடுகளாகப் பார்த்துத் தேய்ந்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். தவிர, வயர்மேன் வேலை செய்யும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது எனக்குச் சின்ன வயசிலிருந்தே உள்ள வியாதி. தங்கமணி இதைப் பற்றிச் சொல்வதை இங்கே எழுத முடியாது.

எங்கள் தாத்தா வீட்டில் வயர் இழுக்கிற பிரச்சினையே இருந்ததில்லை. சுவர்மேல் தேக்கு ரீப்பர் அடித்து, அதன்மேல் வயரை வைத்து, தகரக் கிளிப்பால் கட்டியிருப்பார்கள். எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எங்கே எலி கடித்தது என்று கீழே நின்றே சொல்லிவிடலாம். பார்க்க அசிங்கம் என்று எல்லோரும் வயரைச் சுவருக்குள் புதைக்க ஆரம்பித்தோம். கான்கிரீட் போடும் முன் சென்ட்ரிங் பலகைமேல் பைப் ஓட்டுகிறார்கள், பிறகு சுவரில் காடி எடுத்து பைப்பை இறக்கிப் பூசுகிறார்கள். அதன்பின் அந்தப் பைப்புக்குள் என்ன நடக்கிறது என்று கடவுளுக்கும் வயர்மேனுக்கும்தான் தெரியும்.

பைப்புக்குள் வயர் தானாகப் போகாது. தள்ளினால் துவளும், மடங்கும். அதனால் விறைப்பான ஏதாவது ஒன்றை முதலில் தள்ளி, மறுபக்கப் பெட்டியில் அதன் தலையை எடுத்து, வாலில் வயரைக் கட்டி இழுக்க வேண்டும். இதற்கென்றே கடையில் சாமான் இருக்கிறது. ஸ்டீல் பட்டையிலோ நைலானிலோ, நுனியில் சின்ன ஸ்பிரிங் தலையோடு, சுருட்டி வைத்து விற்பார்கள். இங்கே ஃபிஷ் வயர் என்கிறார்கள். சாதாரண நைலான் ரகம் சில நூறு ரூபாய்தான். ஆனாலும் நான் பார்த்த வயர்மேன்களில் பாதிப் பேர் பையில் அது இருக்காது. இருப்பது ஒரு சுருள் ஜி.ஐ. கம்பி.

இந்தக் கம்பியை லேசாக நினைக்காதீர்கள். கம்பி கட்டுகிறவர்கள் வைத்திருக்கும் 18 கேஜ் கட்டுக்கம்பி இதற்கு ஆகாது, இரண்டாவது வளைவிலேயே சுருண்டு படுத்துவிடும். 10 கேஜ் முரடு, வளைவில் திரும்பாது. (கேஜ் எண் ஏற ஏற கம்பி மெலியும். வட்டி மாதிரி இல்லை.) 14 கேஜுக்கும் 16 கேஜுக்கும் நடுவில்தான் சங்கதி இருக்கிறது, சுமார் இரண்டு மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் கனம். நுனியை அப்படியே விட்டால் பைப்பின் வளைவில் போய்க் குத்தி நின்றுகொள்ளும். அதனால் கொறடால் மடக்கி, நசுக்கி, மொட்டையாக ஒரு சின்னக் காது பண்ணிக்கொள்வார்கள். அந்தக் காது வளைவில் சறுக்கித் திரும்பும், பிறகு வயரைக் கோக்கவும் அதுவே கொக்கி. ஒரே மடிப்பில் இரண்டு வேலை.

நடுவில் சிக்கிக்கொண்டால் செய்கிற வித்தைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மறுபக்கத்திலிருந்து இன்னொரு கம்பியைக் கொக்கியோடு உள்ளே விடுவார்கள். இரண்டும் இருட்டில் எங்கேயோ சந்திக்கும். அப்போது ஒருவர் கம்பியைத் திருகு திருகென்று திருக, இரண்டு கொக்கியும் பின்னிக்கொள்ளும். அது பின்னிய நொடியை விரல் நுனியில் உணர்ந்து, “ஆ கயா” என்று கத்துவார் பாருங்கள், அந்த முகத்தில் ஒரு ஒளி! கணக்கு டேலியான ராத்திரி எங்கள் காஷியர் முகத்தில் அதைப் பார்த்திருக்கிறேன்.

கம்பி இல்லாதபோது ஃப்ரிட்ஜ், டி.வி. அட்டைப்பெட்டியைச் சுற்றி வருகிற பிளாஸ்டிக் பட்டை. வழுவழுவென்று போகும், வயரைக் கீறாது, மின்சாரமும் பாயாது. ஆனால் தட்டையானது என்பதால் ஒரு பக்கம்தான் மடியும். மேலே ஒரு வளைவு, உடனே பக்கவாட்டில் ஒரு வளைவு என்றால் மக்கர் பண்ணும். பக்கத்து பக்கத்துப் பெட்டிகளுக்கு சைக்கிள் பிரேக் கேபிளின் உள் கம்பி போதும். நேராக மேலிருந்து கீழே இறங்கும் பைப் என்றால் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட வேண்டியதுதான். ராய்ப்பூரில் ஒரு மிஸ்திரி, பாலிதீன் பையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, கசக்கி, தையல் நூலில் கட்டி பைப்பின் வாயில் வைத்தார். மறுபக்கம் எங்கள் வீட்டு வாக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சச் சொன்னார். சுர்ரென்று நூல் வந்துவிட்டது. நூலில் சணலைக் கட்டி, சணலில் வயரைக் கட்டி இழுத்து முடித்தார். அந்த வாக்குவம் கிளீனரை நாங்கள் வாங்கியதற்கு நடந்த ஒரே உருப்படியான காரியம் அது.

வயர்களைக் கட்டுவதிலும் விஷயம் இருக்கிறது. நாலு வயரையும் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டால் முடிச்சு குண்டாகி வளைவில் அடைத்துக்கொள்ளும். கெட்டிக்காரர்கள் ஒவ்வொரு வயரையும் ஒரு விரல் தள்ளித் தள்ளி, தோலுரித்துக் கட்டி, மேலே டேப்பை இறுக்கிச் சுற்றுவார்கள். முடிச்சு மூஞ்சூறு மூக்கு மாதிரி கூராகிவிடும். வயர் காயிலைத் தரையில் போட்டுப் பக்கவாட்டில் உருவினால் முறுக்கு விழும் என்பதால், 90 மீட்டர் காயில்களை ஒரு கட்டையில் கோத்து இரண்டு ஸ்டூலுக்கு நடுவே வைத்து, அது உருள உருள ஒரு பையன் வயரை விடுவான். சறுக்க முகப்பவுடர். சோப்புத் தண்ணீர் அந்த நேரத்துக்கு ஜோராக இருக்கும், காய்ந்தபின் வயரை பைப்போடு ஒட்டிவிடும், பத்து வருஷம் கழித்து வயர் மாற்ற வருகிறவர் நம்மை வாழ்த்துவார். வண்டி கிரீஸ் தடவுகிறவரை மட்டும் அனுப்பிவிடுங்கள், வயர் உறைக்கு அது ஆகாது.

இதெல்லாம் ஒப்பேத்தலா? நிச்சயமாக இல்லை. இது தொழில் ஞானம். கடையில் வாங்கிய மலிவு நைலான் சுருள், வெயிலில் கிடந்து தொய்ந்து போனதைவிட, நன்றாக நுனி மடக்கிய ஜி.ஐ. கம்பி சின்ன ஓட்டங்களுக்கு மேல் என்பேன். ஒரே ஒரு நிபந்தனை. மெயினை அணைத்துவிட்டு, அணைந்ததா என்று டெஸ்டரை வைத்துப் பார்த்த பிறகுதான். இரும்புக் கம்பி மறுமுனையில் எந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கிறது என்று தள்ளுகிறவருக்குத் தெரியாது. “ஃப்ரிட்ஜ் ஓடட்டும், சீரியல் முடியட்டும்” என்று மெயினை அணைக்க விடாத வீட்டுக்காரர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்களை என்ன சொல்வது.

என் சண்டை கருவியோடு இல்லை. இத்தனை வித்தை ஏன் தேவைப்படுகிறது என்பதில்தான்.

ஒரு சின்னக் கணக்கு. (ஓடாதீர்கள், கூட்டு வட்டி தெரிந்தால் போதும்.) தென்னை மரம் வெட்டும்போது கயிற்றைப் பக்கத்து மரத்தில் இரண்டு சுற்று சுற்றி, ஒல்லியான ஒரு ஆள் சர்வசாதாரணமாகப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அந்த மர்மம்தான் இதிலும். வளைவில் உராய்வு கூட்டலாகச் சேராது, பெருக்கலாகச் சேரும். உராய்வு எண்ணை 0.5 என்று வைத்துக்கொண்டால், ஒரு செங்கோண வளைவைத் தாண்ட இழுவிசை சுமார் 2.2 மடங்காகும். இரண்டு வளைவுக்கு 4.8. மூன்றுக்கு பத்தரை. நாலாவது வளைவில் 23 மடங்கு! அந்தப் பக்கம் ஒரு கிலோ பிடிமானம் இருந்தால் இந்தப் பக்கம் 23 கிலோ பலத்தில் இழுக்க வேண்டும். பவுடர் போட்டு உராய்வைப் பாதியாக்கினால் அதே நாலு வளைவு 4.8 மடங்கோடு நிற்கும். பவுடர் டப்பாவின் மகிமை இதுதான். ஆனாலும் பவுடரைவிட வளைவைக் குறைப்பது நல்லது. அமெரிக்க மின் விதிகளில் இரண்டு இழுக்கும் இடங்களுக்கு நடுவே மொத்த வளைவு 360 டிகிரியைத் தாண்டக்கூடாது, அதாவது நாலு செங்கோணத்துக்கு மேல் கூடாது என்று வைத்திருப்பது சும்மா இல்லை.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பில் ஒரு அட்டவணை உண்டு. 20 மி.மீ. பைப்பில் 1.5 சதுர மி.மீ. வயர் நேர் ஓட்டத்தில் 5, வளைவு இருந்தால் 4. அதுவே 25 மி.மீ. பைப் என்றால் 10, வளைவுக்கு 8. பைப் ஒரு அளவு ஏறினால் கொள்ளளவு இரட்டிப்பு. பத்தடி பைப் ஒன்றுக்கு விலை வித்தியாசம் சில பத்து ரூபாய். ஒரு முழு வீட்டுக்குக் கணக்குப் போட்டாலும் வாசல் கதவின் கைப்பிடிக்கு நாம் கொடுக்கிற காசுக்குப் பக்கத்தில்தான் வரும்.

பிறகு ஏன் 20 மி.மீ. பைப்பில் ஏழு வயர் திணிக்கிறார்கள்? பைப் வாங்குகிறவர் வேறு, வயர் இழுக்கிறவர் வேறு. பைப் காசு மிச்சமானால் அது கான்ட்ராக்டருக்கு. பெரிய வளைவு வாங்காமல் கூர் எல்போவைச் சொருகினால் அதுவும் மிச்சம். பைப் இணைப்பில் சொல்யூஷன் தடவாமல் விட்டால் அரை மணி நேரம் மிச்சம், உள்ளே சிமெண்ட் பால் இறங்கி உறைந்தால் அது பிறகு வருகிறவர் தலைவிதி. அந்தப் பிறகு வருகிறவருக்குக் கூலி பாயிண்ட் கணக்கில். ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு. பத்து நிமிஷத்தில் வயர் வந்தாலும் அதே காசு, அரை நாள் மல்லுக்கட்டினாலும் அதே காசு. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். சரி, ஆனால் கையில் புல்லைக் கொடுத்து அனுப்பியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. அந்தத் தோள்பட்டை வலிக்கு நாம் வைத்திருக்கும் அழகான பெயர்தான் ஜுகாட்.

வலி அவரோடு நின்றால்கூட நம்மில் பலர் கவலைப்பட மாட்டோம், உண்மையைச் சொல்வோமே. ஆனால் அது நம் வீட்டுக்குள் வருகிறது. இழுத்து இழுத்துப் பார்த்து வராத பைப்பில் அவர் என்ன செய்வார்? ஒரு வயரைக் குறைப்பார். எந்த வயர்? ஃபேஸ் இல்லாவிட்டால் விளக்கு எரியாது, நியூட்ரல் இல்லாவிட்டாலும் எரியாது. எர்த் இல்லாவிட்டால் எல்லாம் ஜம்மென்று எரியும். அதனால் பலி எப்போதும் பச்சை வயர்தான். சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. இன்னும் சில கில்லாடிகள் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து எர்த் பின்னில் சொருகிவிடுவார்கள். டெஸ்ட் லேம்ப் எரியும், எர்த் இருக்கிற மாதிரியே தெரியும். என்றைக்காவது அந்த நியூட்ரல் அறுந்தால் ஃப்ரிட்ஜின் உடம்பு முழுக்கக் கரண்ட்.

“அதான் டிரிப் ஆகுமே” என்பீர்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. நல்ல காவல்காரன்தான். எர்த் இருந்தால் கீசரில் கசிவு ஏற்பட்ட உடனேயே கரண்ட் பச்சை வயர் வழியாக ஓடும், அப்போதே டிரிப் ஆகும். எர்த் இல்லாவிட்டால் கசிகிற கரண்ட் போக வழி தேடிக்கொண்டு காத்திருக்கும். யாராவது ஈரக்கையோடு குழாயைத் தொடும்போதுதான் வழி கிடைக்கும். டிரிப் ஆகும், ஆனால் நம் உடம்பு வழியாக ஓடிய பிறகு. அந்த ஆர்.சி.சி.பி.யும் இல்லாத வீடுகள் எத்தனையோ.

இங்கேதான் என் சொந்தத் தொழில் மேலேயே எனக்குக் குறை. வீட்டுக் கடனைக் கட்டம் கட்டமாகக் கொடுக்கிறோம். அஸ்திவாரம், லிண்டல், ரூஃப், பூச்சு, தரை. வயரிங்குக்கு என்று தனிக் கட்டம் வைத்த அப்ரூவலை நான் பார்த்ததில்லை. மதிப்பீட்டு அறிக்கையில் டைல்ஸ் வெட்ரிஃபைடா என்று இருக்கும், ஜன்னல் யு.பி.வி.சி.யா என்று இருக்கும். மின்சாரத்துக்கு ஒரே வரி, ‘கன்சீல்டு வயரிங்’. அந்த இரண்டு வார்த்தைக்குள் மறைந்திருப்பதை யாரும் கேட்பதில்லை. இருபது வருஷத்துக்கு அடமானம் வாங்குகிறோம், உள்ளே எர்த் இருக்கிறதா என்று தெரியாமல். பூச்சுக்கு முன் ஒரு வயரிங் சோதனைச் சான்று கேட்டால் பேங்க் குடிமுழுகிப் போகாது என்று நான் மேலே எழுதியும் கொடுத்திருக்கிறேன். பதில் வரும்போது ரிடையர் ஆகியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

நம்மைப் போல வெளியூரில் உட்கார்ந்து ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அக்கம்பக்கத்தில் எத்தனை குடும்பங்கள்! பிப்ளானியிலும் பர்கேடாவிலும் பி.எச்.இ.எல். வேலைக்கு வந்து செட்டிலான தமிழ்க்காரர்களில் தஞ்சாவூர்ப் பக்கமோ திருநெல்வேலிப் பக்கமோ ஒரு மனை வாங்கிப் போடாதவர் குறைவு. போனிலேயே கட்டுகிறோம். கிரகப்பிரவேசத்துக்கு நாலு நாள் லீவில் போய், பால் காய்ச்சி, கிரானைட்டைத் தடவிப் பார்த்துவிட்டு ரயில் ஏறுகிறோம்.

திருச்சி பக்கம் எங்கள் வீட்டு வேலை நடந்தபோது மேற்பார்வை என் மச்சினன். பூச்சு ஆரம்பிக்கிறார்கள் என்றான்.

“பூச்சு அப்புறம். எல்லா பைப்லயும் கம்பி விட்டுப் பார்த்தாச்சா?”

“அத்தான், அதெல்லாம் வயர் இழுக்கும்போது அவங்க பார்த்துக்குவாங்க.”

“இழுக்கும்போது சுவர் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட்டும் அடிச்சிருக்கும். அப்ப அடைப்பு இருந்தா உடைப்பியா?”

“கான்ட்ராக்டர் கோவிச்சுக்குவாரே அத்தான்.”

“அடுத்த செக் என் கையிலதானே இருக்கு? கோவிச்சுக்கட்டும்.”

வயர்மேன் அண்ணனிடம் நானே பேசினேன். மறுநாள் ஒவ்வொரு பைப்பிலும் கம்பியை விட்டுப் பார்த்தார். ஹாலிலிருந்து மாடிப்படிக்குப் போகிற ஓட்டத்தில் கம்பி பாதியில் நின்றுவிட்டது. கான்கிரீட்டில் பைப் நசுங்கியிருந்தது. பூசாத சுவர் என்பதால் பக்கவாட்டில் காடி எடுத்து, 25 மி.மீ. பைப்பில் புதுப்பாதை போட்டு, நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸும் வைத்து முடித்தார். ஒரு நாள் கூலி கூடுதலாகக் கொடுத்தேன். “சார், யாரும் இதைக் கேட்டதில்ல. பூசின பிறகுதான் எங்களைக் கூப்பிடுவாங்க, அப்புறம் உடைச்சா எங்களையே திட்டுவாங்க” என்றார்.

சுவரைப் பூசும் முன் எல்லாச் சுவரையும் மச்சினன் பக்கவாட்டில் ஒரு டேப்பை வைத்துப் படம் எடுத்து அனுப்பினான், பைப் தரையிலிருந்து எத்தனை அடியில் போகிறது என்று தெரியும்படி. பிற்பாடு ஆணி அடிக்க, ஏ.சி. மாட்ட அந்தப் படங்கள்தான் துணை. அதோடு டி.வி.க்கும் இன்டர்நெட்டுக்கும் என்று விட்ட காலி பைப்புகளில் ஒரு நைலான் கயிற்றை உள்ளேயே விட்டு, இரண்டு முனையையும் பெட்டியில் சுருட்டி வைக்கச் சொன்னேன். அடுத்து வயர் இழுக்க வருகிறவர் அதில் கட்டி இழுத்தால் போதும்.

அந்த அண்ணன் பையிலும் ஜி.ஐ. கம்பிதான் இருந்தது. நல்ல 14 கேஜ் கம்பி, நுனி தேய்ந்து பளபளவென்று. ஊருக்குப் போனபோது ஒரு ஸ்டீல் ஃபிஷ் வயர் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்து, சுருளை இழுத்துவிட்டு, “நீள ஓட்டத்துக்கு ஆகும் சார்” என்று பையில் போட்டுக்கொண்டார். கம்பியை வெளியே எடுக்கவில்லை.